மூன்றாம் நாள் மண்வெட்டி

1

ஸ்வாஹிலி பேசுகிற ஊர்களில் ஒரு பழமொழி உண்டு. விருந்தாளியை இரண்டு நாள் விருந்தாளியாக நடத்து, மூன்றாம் நாள் அவன் கையில் மண்வெட்டியைக் கொடு. தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே 1962-ல் எழுதிய ‘உஜமா’ கட்டுரையில் இதை எடுத்தாள்கிறார். நல்ல விருந்தாளி என்றால் யாரும் கொடுப்பதற்கு முன்னால் தானே மண்வெட்டியைக் கேட்டு வாங்குவான் என்கிற தொனியில் எழுதிச் செல்வார். நம்மூரில் ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்போம். நாம் மூன்றாம் நாள் விருந்தாளியை பஸ் ஏற்றிவிடப் பார்க்கிறோம். அவர்கள் வயலுக்குக் கூப்பிடுகிறார்கள். கணக்கு என்னவோ ஒன்றுதான்.

2018-ல் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு, ஒரு சமூக மேம்பாட்டுத் தொண்டு நிறுவனத்தின் தன்னார்வலராக தான்சானியாவின் மொரோகோரோவுக்குப் போனேன். தார் எஸ் சலாமிலிருந்து மேற்கே பஸ்ஸில் நாலைந்து மணி நேரம். ஊருக்குப் பின்னால் உலுகுரு மலைத்தொடர் பச்சையாக நிற்கும். அங்கே இருந்தது பதினோரு மாதம். வேலை, கிராமத்துப் பெண்களின் சேமிப்புக் குழுக்களுக்கு ஒரு மொபைல் செயலி எழுதுவது. பெங்களூரில் எட்டு வருஷம் கோட் எழுதியவனுக்கு இதெல்லாம் ஒரு மாத வேலை என்று நினைத்துக்கொண்டேன். மீதி பத்து மாதம் மலை ஏறலாம்.

முதல் குழுக் கூட்டத்துக்கு ‘ஸா ன்னே’ வரச்சொன்னார்கள். ஸா என்றால் மணி, ன்னே என்றால் நாலு. அகராதி பார்த்து, சட்டையை இஸ்திரி போட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மாமரத்தடியில் போய் நின்றேன். ஒரு ஆடு மட்டும்தான் இருந்தது. ஸ்வாஹிலியில் மணிக்கணக்கு சூரிய உதயத்தில் தொடங்குகிறது. காலை ஏழு அங்கே ஒரு மணி, பத்து என்றால் நாலு. கூட்டம் காலையிலேயே முடிந்துவிட்டது. நம் தாத்தாக்கள் நாழிகைக் கணக்கை உதயத்திலிருந்துதான் எண்ணினார்கள் என்பது அன்றிரவு கொசுவலைக்குள் படுத்திருக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. தெரிந்த விஷயம்தான், ஆனால் உதவ வேண்டிய நேரத்தில் வரவில்லை.

நிறுவனம் கொடுத்த கையேட்டில் ‘புதிய இடத்தில் நிலைகொள்ளுதல்’ என்று ஒரு அத்தியாயம் இருந்தது. அதில் ஆங்கில ‘யு’ எழுத்து மாதிரி ஒரு வரைபடம். முதலில் தேனிலவு, பிறகு சரிவு, பிறகு மெல்ல மேலேறி சகஜ நிலை. வெளிநாட்டில் வேலை செய்யப் போகிற எல்லோருக்கும் காட்டப்படுகிற படம்தான். அதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அதில் ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது, அது என்னுடைய கோடு. என் சந்தோஷம் ஏறுகிறது, இறங்குகிறது. நான் போய் இறங்கியதில் அந்த ஊர்க்காரர்களுடைய கோடு எப்படிப் போனது என்பது எங்கேயும் வரையப்படவில்லை.

இந்தக் கட்டுரை மூன்று பிரதிகளைப் பற்றியது. அந்தப் பதினோரு மாதத்தில் திரும்பத் திரும்பப் படித்தவை. மூன்றையும் நான் கேட்டது ஒரே கேள்விதான். உதவி செய்யப் போனவன் எழுதிய புத்தகத்தில் அந்த இரண்டாவது கோடு இருக்கிறதா?

2

முதல் பிரதி புத்தகம்கூட இல்லை, ஓர் உரை. 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில், கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்ய வருகிற அமெரிக்க மாணவர்களின் அமைப்பு ஒன்று கூட்டம் போட்டது. பேச அழைக்கப்பட்டவர் இவான் இல்லிச். வியன்னாவில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். அதே ஊரில் லத்தீன் அமெரிக்காவுக்கு வருகிறவர்களுக்கு ஸ்பானிய மொழி கற்பிக்கிற மையம் ஒன்றை நடத்தியவர். வந்திருந்த பிள்ளைகளிடம் அவர் சொன்னதன் சாரம்: உங்கள் நல்லெண்ணத்தை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

கல்யாண வீட்டில் நின்று சாபம் விடுகிற மாதிரிதான். ஆனால் உரையை நிதானமாகப் படித்தால் அதன் நடுவில் கோபத்தைவிட ஒரு தர்க்கம்தான் இருக்கிறது. மென்பொருள்காரனாக எனக்கு அந்தத் தர்க்கம் சட்டெனப் பிடிபட்டது. இல்லிச் சொல்வது பின்னூட்டம் அறுந்த ஓர் அமைப்பைப் பற்றி. உனக்கு மொழி தெரியாது. அவர்களுக்கு உன்மேல் அதிகாரம் கிடையாது. நீ செய்வது தப்பு என்று அவர்கள் நினைத்தாலும் உன்னிடம் சொல்ல முடியாது, சொன்னாலும் உனக்குப் புரியாது. ஏழைகளுக்கு வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் உன் ஊரிலேயே செய். அங்கே அவர்கள் உன் மொழியிலேயே ‘போடா’ என்று சொல்வார்கள், உனக்கும் அது புரியும். மெக்சிகோவுக்கு வருவதாக இருந்தால் சுற்றிப் பார்க்க வா, மலை ஏறு, பூக்களை ரசி, படி. உதவ மட்டும் வராதே.

இந்த உரையை ‘தொண்டே கூடாது’ என்கிற கோஷமாக மேற்கோள் காட்டுகிறவர்கள் அதிகம். இணையத்தில் இதை ஒரு குத்துவரியாகப் பகிர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது பாதி வாசிப்பு என்று நினைக்கிறேன். நீ தப்பு செய்கிறாய் என்று உன்னிடம் சொல்லக்கூடியவர் இருக்கிறாரா என்றுதான் இல்லிச் கேட்கிறார். இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர் பேசவில்லை. பேசியவர் வியன்னாக்காரர், மெக்சிகோவில் நின்று அமெரிக்கர்களைப் போகச் சொன்னார். தன் நிலையில் இருக்கும் முரண் அவருக்கே தெரியும், பாசாங்கு என்பதைப் பற்றி உரையிலேயே பேசுகிறார். ஆனால் அவரே பல ஆண்டுகள் அந்த மண்ணில் தங்கி, மொழி கற்று, கற்பித்து, சண்டை போட்டு வாழ்ந்தவர். ‘வராதே’ என்று சொல்கிற தகுதி அவருக்கு வந்ததே அவர் அங்கே வந்திருந்ததால்தான். அந்த இடத்தை உரை தொடாமலே முடிந்துவிடுகிறது.

3

இல்லிச் விட்ட இடத்தில் தொடங்குகிற மாதிரி இருக்கும் இரண்டாவது பிரதி, பீட்டர் ஹெஸ்லரின் ‘ரிவர் டவுன்’. 2001-ல் வந்தது. 1996-ல் ஹெஸ்லர் அமெரிக்க அமைதிப் படையின் தன்னார்வலராக சீனாவின் ஃபூலிங் நகரத்துக்குப் போகிறார். யாங்சி ஆற்றோடு வூ ஆறு கலக்கிற இடம். ரயில் கிடையாது, படகில் போக வேண்டும். அங்கே ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருஷம் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறார்.

அமைதிப் படை 1961-ல் கென்னடி காலத்தில் தொடங்கியது. அந்த வருஷமே இந்தியாவுக்கும் வந்தார்கள், 1976 வரை இருந்தார்கள். சீனாவில் நுழைந்தது 1993-ல்தான். பழைய பிரச்சாரங்களால் ‘அமைதிப் படை’ என்கிற பெயருக்கே அங்கே கெட்ட வாடை இருந்ததால், ‘அமெரிக்க-சீன நட்புத் தன்னார்வலர்கள்’ என்று பெயரை மாற்றிக்கொண்டுதான் போனார்கள். போகிற இடத்தில் நம் பெயர் என்னவாகக் கேட்கும் என்பதிலேயே நிலைகொள்ளுதல் தொடங்கிவிடுகிறது.

புத்தகத்தில் எனக்கு முக்கியமான சொல் ‘பு-துவே’. சீன மொழியில் ‘சரியில்லை’, ‘தப்பு’. ஹெஸ்லருக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை அவர் வாயைத் திறக்கும் போதெல்லாம் இதைச் சொல்கிறார். பத்துச் சொல்லில் ஒன்பது சரியாக வந்தால் அதற்குப் பாராட்டு கிடையாது. பத்தாவது சொல்லுக்கு பு-துவே. அமெரிக்கப் பள்ளிகளில் ‘வெரி குட்’ கேட்டே வளர்ந்த இளைஞனுக்கு அந்த ஒற்றைச் சொல் காதில் ஆணி மாதிரி இறங்குகிறது. வெறுக்கிறார். அதைக் கேட்காமல் ஒரு பாடமாவது முடிக்க வேண்டும் என்கிற வீம்பில் வெறிபிடித்துப் படிக்கிறார்.

நம்மில் நிறைய பேருக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. என் கணக்கு வாத்தியார் தொண்ணூற்றெட்டு வாங்கின பேப்பரைக் கையில் கொடுத்து, ‘மிச்ச ரெண்டு எங்கடா?’ என்று கேட்டவர். ஆனால் இந்தப் பகுதியை கண்டிப்பான ஆசியக் கல்வி முறை பற்றிய வேடிக்கைக் குறிப்பாக மட்டும் வாசித்தால் புத்தகத்தின் மையத்தைத் தவற விடுவோம். இல்லிச் அறுந்து கிடப்பதாகச் சொன்ன கம்பி இங்கே இணைகிறது. ஆசிரியை அவரைத் திருத்துகிறார். முதலில் உச்சரிப்பு, பிறகு எழுத்து. கொஞ்சம் மொழி வந்ததும் வரலாறு, அரசியல், ஹாங்காங் என்று சண்டை வருகிறது. ஒரு தரப்பு சலுகை கொடுத்து அன்பாகப் பேசிக்கொண்டிருந்தவரை அந்த உறவு ஆழம் பெறவில்லை. மனஸ்தாபம் வந்து, அதைக் கடந்த பிறகுதான் மரியாதை வருகிறது.

இன்னொரு நல்ல இடம். ஹெஸ்லர் அங்கே தான் இரண்டு ஆளாகப் பிரிந்துவிட்டதாக எழுதுகிறார். ஆங்கிலம் கற்பிக்கிற பீட்டர் ஹெஸ்லர் ஒருவன். சீனப் பெயர் கொண்ட ‘ஹோ வெய்’ இன்னொருவன். ஹோ வெய் அசடு. பேச்சில் கொச்சை, எழுத்தில் பிழை. ஆனால் ஊர்க்காரர்களுக்குப் பிடித்தவன் அவன்தான். அவனைப் பார்த்துச் சிரிக்கலாம், அவனிடம் மனம் விட்டுப் பேசலாம். படித்த அமெரிக்கன் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறான். வேற்று மொழியில் வாழ்ந்து பார்த்த யாருக்கும் இந்தப் பிரிவு தெரியும். பெரும்பாலான பயண எழுத்தாளர்கள் அந்த அசட்டு ஆளை மறைத்துவிட்டு புத்திசாலியை மட்டும் புத்தகத்துக்குள் விடுவார்கள். ஹெஸ்லர் ஹோ வெய்க்கும் இடம் கொடுக்கிறார். புத்தகத்தின் நகைச்சுவையில் பெரும்பகுதி அவன் சம்பாதித்துக் கொடுத்தது.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. முதலாவது, புத்தகத்தின் முதல் பாதியில் ஊரை அளக்கிற அளவுகோல் பெரும்பாலும் ஊர் ஹெஸ்லரை எப்படி நடத்தியது என்பதுதான். தெருவில் ‘ஹலோ’ என்று கத்தியவர்கள், கூட்டம் கூடி வெறித்துப் பார்த்தவர்கள். கையேட்டின் அந்த ‘யு’ கோடு இங்கே கொஞ்சம் நன்றாகவே தெரிகிறது. இரண்டாவது, அவருக்கு வாய்த்த வேலை ஒரு சௌகரியம். கல்லூரிக்கு ஆங்கில ஆசிரியர் தேவை, அவருக்கு ஆங்கிலம் தெரியும். மண்வெட்டி முதல் நாளே கையில் இருக்கிறது. ‘நான் இங்கே எதற்கு?’ என்கிற கேள்வி அவரைப் பெரிதாகத் துரத்துவதில்லை. சமூக மேம்பாடு என்கிற பெயரில் போகிறவனுக்கு அந்தக் கேள்வியைத் தவிர வேறு வேலையே கிடையாது.

மூன்றாவது குறையை நான் குறையென்று நினைத்து, பிறகு மாற்றிக்கொண்டேன். கடைசிப் பகுதியில், ஊரை விட்டுக் கிளம்ப இருக்கும் நாட்களில், ஹெஸ்லரும் சக தன்னார்வலரும் வீடியோ கேமராவோடு தெருவில் படம் பிடிக்கிறார்கள். கூட்டம் சேருகிறது, முரட்டுத்தனமாகத் திரும்புகிறது. இரண்டு வருஷம் பழகிய ஊர். முதல் வாசிப்பில், இதை ஏன் இங்கே வைத்தார், எல்லாம் சுபமாக முடிகிற நேரத்தில் ஏன் கசப்பு என்று தோன்றியது. இரண்டாம் வாசிப்பில்தான் கவனித்தேன். கையில் கேமராவை எடுத்ததும் அவர் மறுபடியும் வெளியாள் ஆகிவிடுகிறார். ஹோ வெய் போய்விட்டான், குறிப்பெடுக்கிறவன் தெருவுக்கு வந்துவிட்டான். ஊர் சொன்ன கடைசி பு-துவே அது. அதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். சொகுசான புத்தகமாக இருந்திருந்தால் அந்தப் பக்கங்கள் இருந்திருக்காது.

அங்கேயே அவர் கணக்கை முடித்துக்கொள்ளவும் இல்லை. ஃபூலிங் மாணவர்களோடு கடிதத் தொடர்பு பல வருஷங்கள் நீண்டது. 2019-ல் மறுபடி கற்பிக்க செங்டு நகரத்துக்குப் போகிறார். 2024-ல் வந்த ‘அதர் ரிவர்ஸ்’ நூலில், நடு வயதைத் தொட்ட அந்தப் பழைய மாணவர்கள் திரும்ப வருகிறார்கள். இடையில் மூன்று பள்ளத்தாக்கு அணை வந்து பழைய ஃபூலிங்கின் தாழ்வான பகுதிகள் நீருக்குள் போய்விட்டன. சீனாவில் அமைதிப் படையின் திட்டமும் 2020-ல் முடிவுக்கு வந்தது. அவருக்கு அங்கே பாக்கி இருந்தது மனிதர்கள்தான், அவர்களிடம் மறுபடி போனார்.

4

மூன்றாவது பிரதியை வேறொரு தன்னார்வலர் விட்டுப்போன அலமாரியில் கண்டெடுத்தேன். மோரிட்ஸ் தாம்சன் எழுதிய ‘லிவிங் பூர்’, 1969. தாம்சன் வித்தியாசமான ஆள். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். பிறகு கலிஃபோர்னியாவில் பன்றி வளர்த்து, விவசாயத்தில் நொடித்துப்போனவர். 48 வயதில் அமைதிப் படையில் சேர்ந்து எக்வடோரின் பசிபிக் கரையில் ரியோ வெர்தே என்கிற மீனவக் கிராமத்துக்குப் போகிறார்.

கல்லூரி முடித்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை இல்லை. விவசாயம் தெரிந்தவர், உடம்பு உழைக்கும். அப்படிப்பட்டவரிடமே அந்த ஊருக்கு என்ன தேவை என்பதற்கு விடை இல்லை. கோழி வளர்க்கிறார்கள், பன்றி வளர்க்கிறார்கள், கூட்டுறவுச் சங்கம் வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் பொறாமையிலும் சந்தேகத்திலும் பசியிலும் தடுமாறுகிறது. ஓர் இளம் மீனவன் அவருக்கு நெருக்கமாகிறான். அவன் வீட்டில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஊர் அவனைத் தனியாகப் பார்க்கத் தொடங்குகிறது. அன்போடு செய்த உதவி ஒரு குடும்பத்தை அதன் அக்கம்பக்கத்திலிருந்து பிரித்துவிடுகிறது. இதை எழுதும்போது தாம்சன் தன்னை மன்னித்துக்கொள்வதில்லை. ஒரேயடியாகத் தூக்கில் போட்டுக்கொள்வதும் இல்லை. இரண்டுமே சுலபமான வழிகள்.

புத்தகத்தின் முக்கியமான கண்டுபிடிப்பு சோம்பல் பற்றியது. வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது, ‘இவங்க வேலை செய்ய மாட்டேங்கறாங்க’. தாம்சனும் முதலில் அப்படித்தான் பார்க்கிறார். அவர்களோடு அவர்கள் சாப்பிடுவதையே சாப்பிட்டு வாழ்ந்த பிறகு புரிகிறது, அது குணமில்லை, சத்துக்குறைவு. பாதிப் பட்டினி உடம்பில் நாளைக்கென்று சேமிக்க ஒன்றும் இருக்காது, உழைப்பைக்கூட. இந்தத் திருத்தத்தை அவருக்கு யாரும் வாயால் சொல்லவில்லை, அவருடைய உடம்புதான் சொன்னது. இல்லிச்சின் கம்பி இப்படியும் இணைகிறது.

தாம்சன் திரும்பிப் போகவில்லை என்பதும் முக்கியம். சேவைக்காலம் முடிந்த பிறகும் எக்வடோரிலேயே தங்கி, அந்த மீனவ நண்பனோடு கூட்டாகப் பண்ணை நடத்தினார். அதைப் பற்றி 1978-ல் இன்னொரு புத்தகம் எழுதினார். 1991-ல் அந்த நாட்டிலேயே இறந்துபோனார். மண்வெட்டியைக் கடைசிவரை கீழே வைக்காத விருந்தாளி. அதனால் அந்தப் புத்தகம் ஹெஸ்லருடையதைவிட உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். தாம்சனிடம் கசப்பு அதிகம். சில பக்கங்களில் ஊர் மொத்தத்தையும் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிற அவசரம் தெரிகிறது. ஹெஸ்லர் தனித்தனி ஆட்களை எழுதுவதில் அவரைவிடப் பொறுமைசாலி. ஆனால் தோல்வியைப் பற்றி எழுத எனக்குத் தெரிந்து இந்த வகையில் தாம்சனைவிட நேர்மையான ஆள் இல்லை.

5

இந்த மூன்றும் என்னைப் பொறுத்தவரை ஓர் இடத்தில் சரியாகப் பொருந்தவில்லை. இல்லிச்சும் ஹெஸ்லரும் தாம்சனும் வெள்ளைக்காரர்கள். நான் மொரோகோரோவில் ‘ம்ஹிந்தி’. இந்தியன் என்று அர்த்தம். கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கடைக்காரர் வரலாறு நிற்கிறது. கடைக்கு ஸ்வாஹிலியில் பெயரே ‘துகா’, நம் ‘துக்கான்’ கப்பலேறிப் போனது. அதனால் என்னைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது, ‘உன் கடை எங்கே?’ போதாக்குறைக்கு மக்காச்சோளத்துக்கு அங்கே ‘மஹிந்தி’ என்று பெயர். சந்தையில் மாவு கேட்கப் போய் நான் என்னவெல்லாம் சொல்லித் தொலைத்தேன் என்பது இந்தப் பக்கத்துக்கு வேண்டாம். இன்னொன்று, அங்கே ‘மாமா’ என்றால் அம்மா. வயதில் மூத்த பெண்களையெல்லாம் மாமா, மாமா என்று கூப்பிட எனக்கு முதல் வாரம் நாக்கே வளையவில்லை.

சேமிப்புக் குழு எப்படி இயங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தகரப் பெட்டி. அதற்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பெண்களிடம், பெட்டி நாலாவது ஆள் வீட்டில். வாராவாரம் வட்டமாக உட்கார்ந்து பங்குக் காசைப் போடுவார்கள், கடன் கொடுப்பார்கள், வருஷக் கடைசியில் மொத்தத்தையும் பிரித்துக்கொள்வார்கள். 1991-ல் நைஜர் நாட்டில் ‘கேர்’ அமைப்பு வடிவமைத்துப் பரவிய முறை. இதில் மிக அழகான விஷயம், கூட்டம் முடியும்போது பெட்டியில் இருக்கும் தொகையைச் சத்தமாகச் சொல்வார்கள். எல்லோரும் அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கூட்டத்தில் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் எல்லோரும் அதைச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கணக்கு தெரியும்.

எங்கள் தொழிலில் இதற்கு டிஸ்ட்ரிபியூட்டட் லெட்ஜர் என்று பெயர் வைத்து முதலீடு வாங்குவோம். நான் இதற்குப் பதிலாக ஒரு ஆளின் போனுக்குள் கணக்கை வைக்கிற செயலியை எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மாதம் செயலியை முதல்முறையாகக் கூட்டத்தில் ஓட்டினேன். எல்லோரும் போன வாரத் தொகையைச் சொன்னார்கள். போனைப் பார்த்தேன், வேறு தொகை. நான் மெல்லச் சிரித்து, ‘நீங்க மறந்திருப்பீங்க’ என்பதை எனக்குத் தெரிந்த ஸ்வாஹிலியில் சொன்னேன். தலைவி, அறுபது வயது இருக்கும், என்னைப் பார்த்துச் சொன்னார்: ‘சியோ ஹிவ்யோ.’ அப்படி இல்லை. பக்கத்தில் இருந்தவர் அதையே சொன்னார். பிறகு வட்டம் முழுக்க.

என் பு-துவே வந்து சேர்ந்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். குழுவுக்கு இரண்டு காசு உண்டு. ஒன்று கடன் கொடுக்கிற பங்குக் காசு. இன்னொன்று சாவு, நோய் என்று யாருக்காவது கஷ்டம் வந்தால் எடுக்கிற பொதுக் காசு. ஒரே பெட்டிக்குள் தனித்தனிப் பை. நான் டேட்டாபேஸில் ஒரே பத்தி வைத்து இரண்டையும் கூட்டிவிட்டிருந்தேன். பணம் எல்லாம் பணம்தானே என்று. அவர்களுக்கு அந்த இரண்டும் ஒரே பொருளே இல்லை. சாவுக் காசுக்கு வட்டி கிடையாது. அதை விதைக்குக் கடன் கொடுக்கக் கூடாது. தலைவி எனக்கு அதைக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி இரண்டு பையையும் எடுத்துக் காட்டி விளக்கினார். அந்தக் கூட்டத்தில் நான் முதலில் செய்திருக்க வேண்டியது பெரியவர்களுக்கு ‘ஷிகமூ’ சொல்லி வணங்குவது. அவசரத்தில் அதையும் விட்டிருந்தேன். அதையும் அப்போதே சொல்லித் திருத்தினார்கள்.

அன்று ராத்திரி வீட்டுக்கு போன் பண்ணினேன். அம்மா கரூர் பக்கத்துக் கிராமத்தில் பல வருஷமாக மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர். தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் தொடங்கிப் பரவிய குழுக்களின் வழியில் வந்தது. வீட்டு டிவி மேலே அந்தக் குழு நோட்டு கிடக்கும். நான் அதில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதி அடி வாங்கியிருக்கிறேன். ஒரு நாளும் திறந்து படித்ததில்லை.

நடந்ததைச் சொன்னேன். அம்மா கேட்டார்: “சாவுக்கு எடுக்கற காசத் தனியா இல்ல வெப்பாங்க? அதப் போயி எதுக்குடா சேத்த?”

“உனக்கெப்படிம்மா தெரியும்?”

“நாங்களும் அப்புடித்தான் தனியாப் போட்டு வெச்சிருக்கோம். ஆமா, வருசக் கடைசில பிரிச்சிக்குவாங்களா? நாங்க பிரிக்கறதில்ல. பேங்க்ல லோன் குடுக்க மாட்டாங்கல்ல.”

ஒரு நிமிஷத்தில் எனக்குத் தேவையான முழு விவரக்குறிப்பும் கிடைத்துவிட்டது. விமானம், விசா, தடுப்பூசி, நிறுவனத்தின் நன்கொடையாளர்கள் கொடுத்த பணம். அத்தனைக்கும் பிறகு, எங்கள் வீட்டு டிவி மேல் கிடந்த விஷயம்.

இல்லிச் ஜெயித்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். அவர் சொன்னது அதுதானே. உன் ஊரில், உன் மொழியில் செய். தப்பு என்று சொல்ல அங்கே ஆள் உண்டு. ஆனால் அடுத்த சில வாரங்களில் அந்தத் தீர்ப்பு அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. பல வருஷம் அந்த நோட்டுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தும் நான் கேட்காத கேள்வியை, மாமரத்தடியில் இருபது பெண்கள் என்னைப் பார்த்து ‘அப்படி இல்லை’ என்று சொன்ன பிறகுதான் கேட்டேன். சொந்த ஊரில் எனக்கும் அம்மாவின் குழுவுக்கும் நடுவில் மொழி இருந்தது, ஆனால் என் டிகிரியும் குறுக்கே இருந்தது. என் எதிரில் ‘தப்பு’ என்று சொல்ல அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது. ‘இன்ஜினியர் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்றிருப்பார்கள். மொழி தெரிந்தால் பின்னூட்டம் வரும் என்று இல்லிச் நம்பியது அமெரிக்க மாணவர்களுக்குச் சரியாக இருக்கலாம். சாதியும் படிப்பும் வாயைக் கட்டிவிடுகிற நம் ஊருக்கு அது முழுதாகப் பொருந்தாது. மொரோகோரோவில் நான் ஹோ வெய் மாதிரி ஓர் அசடு. அசட்டிடம் தப்பு என்று சொல்வது சுலபம்.

இதில் ஒரு சங்கடம் மிச்சம் இருக்கிறது, அதை மழுப்ப விரும்பவில்லை. அப்படியென்றால் என் படிப்புக்கு அந்தப் பெண்கள் தங்கள் நேரத்தைக் கட்டணமாகக் கட்டினார்கள் என்றாகிறது. உதவப் போனவன் உதவி வாங்கிக்கொண்டு வந்தான். ‘அவர்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்’ என்று நெகிழ்ந்து முடிகிற தன்னார்வலர் எழுத்தெல்லாம் எனக்கு ஒவ்வாததற்குக் காரணம் இதுதான். அந்த வாக்கியம் பணிவு மாதிரி இருக்கிறது, ஆனால் அதுவும் அந்த ஒற்றைக் கோடுதான். அவர்கள் என்ன பெற்றார்கள் என்று சொல்வதில்லை.

சொல்ல முயல்கிறேன். இரண்டு பத்தியோடு செயலியைத் திருத்தினேன். நான் கிளம்பும்வரை அவர்கள் பெட்டியை விடவில்லை. பெட்டிதான் சரி என்று நானும் அறிக்கையில் எழுதினேன். செயலியை எழுத்தர் கூட்டல் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தினார். ஐந்தாவது மாதம் தலைவியின் போனில் சார்ஜ் ஏறாத பிரச்சினையைச் சரி செய்தேன். அடுத்த வாரம் நாலு போன் வந்தது. அதன் பிறகு என்னை ம்ஹிந்தி என்று கூப்பிடுவது குறைந்து ‘ஃபுண்டி’ ஆனேன். கைவேலைக்காரன், மெக்கானிக். ஆலோசகர் என்கிற பதவியோடு போனவனுக்கு ஊர் கொடுத்த மண்வெட்டி அது. அந்த மண்வெட்டி மட்டும்தான் அவர்களாகக் கேட்டு என்னிடம் கொடுத்தது.

6

தன்னார்வலராகப் போகிற நண்பர்கள் என்ன படிக்கலாம் என்று அவ்வப்போது கேட்கிறார்கள். முதலில் இல்லிச்சின் உரை, அரை மணி நேரம் போதும். அதைப் படித்தும் போகத் தோன்றினால் ‘ரிவர் டவுன்’. போய்ச் சேர்ந்து ஆறு மாதம் கழித்து, ஒன்றும் நடக்காத ஒரு சாயங்காலத்தில் ‘லிவிங் பூர்’. அதை முன்கூட்டிப் படித்தால் கிளம்பவே மாட்டீர்கள்.

மூன்றில் எது சிறந்தது என்றால், ‘ரிவர் டவுன்’ என்றே சொல்வேன், அதன் முதல் பாதியின் குறைகளோடு சேர்த்தே. மற்ற இரண்டிலும் திருத்துகிறவர்களின் குரல் நமக்கு நேராகக் கேட்பதில்லை. இல்லிச்சிடம் அவர்கள் சார்பாக அவர் பேசுகிறார். தாம்சனிடம் பசி பேசுகிறது. ஹெஸ்லரிடம்தான் ஒரு பெண்மணி மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, ‘தப்பு’ என்கிறார். மறுநாளும் வந்து அதையே சொல்கிறார். இரண்டாவது கோடு அந்தப் புத்தகத்தில் முழுதாக இல்லாவிட்டாலும், அதை வரையக்கூடிய கை தெரிகிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் குழு நோட்டைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். ரெண்டு பக்கம் புரட்டிவிட்டு, இந்தக் கணக்கை இன்னும் சுருக்கமாகப் போடலாமே என்றேன். அம்மா நோட்டை வாங்கி டிவி மேலேயே வைத்துவிட்டார்.